ரைடு சிம்பல் பிசகாம வாசிக்கறேன், ஆனா "நடக்கல"ங்கறாங்க, ஸ்விங் ஃபீல் எப்படி வர வைக்கறது?

நாஞ்சில்_பீட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நான் நாகர்கோவில் பக்கம். சின்ன வயசுல இருந்து சர்ச்சுல தான் டிரம்ஸ், ஒம்பது வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம வாசிச்சிருக்கேன். வேலைக்காக சென்னை வந்து இப்ப எட்டு மாசமா ஜாஸ் பழகறேன். ரைடு பேட்டர்ன், அதாவது பெரிய சிம்பல்ல தொடர்ந்து போற அடி, கைக்கு வந்துருச்சு, டிங், டிங்-க-டிங், டிங்-க-டிங், கால்ல மிதிக்கற ஜோடி சிம்பல் ஹை-ஹேட் நாலு பீட்ல 2லயும் 4லயும். திஸ்ர நடையில தகிட தகிடன்னு வாயால சொல்லி நடுவுல இருக்கற 'கி'ய முழுங்கிட்டு அப்படித்தான் பழகினேன். மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 120 பீட்ல வச்சா ஒரு அடி கூட பிசகாது.

ஆனா போன வாரம் ஒரு ஜாம்ல (எல்லாரும் சேர்ந்து வாசிக்கற கூட்டம்) வாசிச்சேன், முடிஞ்சதும் பியானோ வாசிக்கற அண்ணன் தனியா கூப்பிட்டு "நீ வாசிக்கறது கரெக்ட்டா இருக்கு தம்பி, ஆனா நடக்கல"ன்னு சொன்னார். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. தப்பா வாசிச்சேன்னு சொல்லியிருந்தா திருத்திக்கலாம், கரெக்ட்டா இருக்கு ஆனா நடக்கலன்னா நான் எதை திருத்தறது?

இன்னொன்னு, 200க்கு மேல போனா முன்னங்கை கல்லு மாதிரி இறுகிடுது, ரெண்டு கோரஸ் (பாட்டோட ஒரு முழு சுத்து) தாண்டறதுக்குள்ள வலி. ஸ்டிக் 5ஏ நைலான் டிப், ரைடு 20 இஞ்ச், ராக்குக்கு வாங்கின கனமானது. வீட்ல ரப்பர் பேடு தான், அபார்ட்மெண்ட்ல சிம்பல் அடிக்க முடியாது.

பழைய_குச்சி:

தம்பி, உன் கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. ஒம்பது வருஷம் சர்ச்சுல வாசிச்சேன்னு சொன்ன பாரு, அங்க காலத்தை பிடிச்சது யாரு? கால்ல அடிக்கற கிக்கும் கைல அடிக்கற ஸ்னேரும். ரைடு கை மேல அலங்காரமா ஓடிட்டு இருந்திருக்கும், அது கொஞ்சம் அசைஞ்சாலும் கீழ ரெண்டு தூண் நிக்குது, பாட்டு விழாது. ஜாஸ்ல அந்த தூண் ரெண்டும் இல்ல. எல்லா பாரமும் அந்த ஒத்தக் கையில தான், அந்தக் கைக்கு இதுவரைக்கும் பாரம் தூக்கி பழக்கமே இல்ல.

இது எப்பவுமே இப்படி இருந்ததில்ல. முன்னாடி ஸ்விங் டிரம்மர்களும் கிக்ல நாலு பீட்டும் போட்டு தான் பிடிச்சாங்க, ஜோ ஜோன்ஸ் கவுண்ட் பேசி பேண்டுல அதை ஹை-ஹேட்டுக்கு ஏத்தினார், அப்புறம் 1930கள் கடைசி 1940கள் தொடக்கத்துல கென்னி கிளார்க் அதை ரைடுக்கு கொண்டு போனார், ஹார்லெம்ல மின்டன்ஸ் ப்ளேஹவுஸ்ல பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் எல்லாம் கூட வாசிச்ச சமயம். ரைடு காலத்தை சுமந்துச்சு, அதனால கிக்கும் ஸ்னேரும் விடுதலையாகி குறுக்க பேச ஆரம்பிச்சது. அப்ப வந்த பீபாப்ங்கற புது வகை ஜாஸோட டிரம்மிங் மொத்தமும் இந்த ஒரு இடமாற்றத்து மேல தான் நிக்குது. நீ பேட்டர்னை கத்துக்கிட்ட, இந்த இடமாற்றம் உன் உடம்புல இன்னும் நடக்கல, எனக்கு தோணறது அதான்.

அதனால முதல்ல டிங்-க-டிங்ல வர்ற அந்த 'க'வ ஒதுக்கி வை. ரெண்டு வாரத்துக்கு வெறும் டிங் டிங் டிங் டிங், நாலு பீட், வேற ஒன்னும் கிடையாது. போரடிக்கும், நிஜமா சொல்றேன் மூணாவது நாள் விட்டுடலாமான்னு இருக்கும், விடாத. நாலு அடியும் ஒரே சத்தத்துல ஒரே இடத்துல விழணும், ஒவ்வொன்னும் அடுத்ததுக்குள்ள போய் சேரணும். மெட்ரோனோமை 60ல வச்சு அந்த கிளிக்கை 2, 4ன்னு எடுத்துக்க, அப்ப உனக்கு 120. அது சுகமா வந்ததும் 30ல வச்சு 4 மட்டும் கிளிக்னு வாசி. இடையில இருக்கற மூணு பீட்டுக்கு நீ மட்டும் தான் பொறுப்பு, அங்க தான் நடை தெரியும்.

தகிட விஷயத்துக்கு வரேன், இதை நிறைய பேர் தப்பா பிடிச்சுக்கறாங்க. ஸ்வீடன்ல ஃபிரைபெர்க், சண்ட்ஸ்ட்ரோம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டோனி வில்லியம்ஸ், ஜாக் டிஜானெட் மாதிரி ஜாஸ் டிரம்மர்கள் ரெக்கார்டிங்கை எடுத்து ரைடு அடிகளை அளந்து 2002ல வெளியிட்டாங்க. ஒரு பீட்டுக்குள்ள நீளமான அடிக்கும் 'க'ங்கற குட்டை அடிக்கும் உள்ள விகிதம் மெதுவான டெம்போல 3.5க்கு 1 வரைக்கும் போகுது, வேகம் ஏற ஏற குறைஞ்சு ரொம்ப வேகத்துல 1க்கு 1 கிட்ட வந்துருது. நடுத்தர டெம்போல இருந்து மேல அந்த குட்டை அடி சுமார் 100 மில்லிசெகண்டுலயே நிக்குது, பெருசா மாறல. கணக்கு போட்டு பாரு, 200 பிபிஎம்னா (நிமிஷத்துக்கு 200 பீட்) ஒரு பீட் 300 மில்லிசெகண்டு, அதுல 100 போனா 200க்கு 100, அங்க தான் உன் தகிட சரியா உக்காருது. 300ல பீட்டே 200 தான், அப்ப நூறுக்கு நூறு, அதாவது தக தக. நீ வாசிக்கற 120ல தகிடன்னு வச்சா குட்டை அடிக்கு 167 கிடைக்குது, அவங்க வச்சதை விட ரொம்ப சீக்கிரம் வந்து விழுது. மெதுவா போறப்ப 'க' இன்னும் தள்ளி, அடுத்த பீட்டோட தோள்ல சாஞ்ச மாதிரி வரணும். நீ எல்லா வேகத்துக்கும் ஒரே அச்சுல வாசிக்கற, அதான் கரெக்ட்டா இருக்கு ஆனா நடக்கல.

இதுக்காக மில்லிசெகண்டு எண்ணிட்டு உக்காராத. அவங்க யாரும் எண்ணி வாசிக்கல. பாட்டு கேட்டு வாயால பாடு, வாய் சரியா பாடினா கை தானா வரும்.

கை இறுகறதுக்கு: 2ல கை விழட்டும், அது ஒன்னு தான் மணிக்கட்டு வேலை. ஸ்டிக் துள்ளி எழும்பும்ல, அந்த துள்ளலை பின்னாடி மூணு விரலால லேசா உள்ள இழுத்தா 'க', அதே ஓட்டத்துல 3. மூணு அடிக்கும் ஒரே வீச்சு. நீ ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா மணிக்கட்டை ஆட்டிட்டு இருக்கேன்னு நினைக்கறேன், 200ல அது யாருக்கும் வலிக்கும். கட்டை விரல் மேல பார்த்த மாதிரி பிடிச்சு பாரு, விரலுக்கு இடம் கிடைக்கும். ரைடை கிட்ட இழுத்து தாழ்த்தி வை, முழங்கை விலாவுக்கு பக்கத்துல சும்மா தொங்கணும், தோள் தூக்கியிருந்தா எல்லாம் போச்சு. மேல இருக்கற நட்டை இறுக்கி வச்சிருந்தா தளர்த்து, சிம்பல் ஆடட்டும்.

பேடை மட்டும் நம்பாத. ரப்பர் துள்ளற மாதிரி சிம்பல் துள்ளாது, வாரத்துல ரெண்டு தடவையாவது எங்கயாவது ரூம் எடுத்து நிஜ ரைடுல வாசி.

நாலுகம்பி:

நான் டொரண்டோவில டபுள் பேஸ் வாசிக்கிறன், ட்ரம்ஸ் இல்லை, ஆனாலும் இந்தக் கேள்விக்கு பேஸ் பக்கத்தில நிண்டு ஒண்டு சொல்ல வேணும் போல இருக்கு. றைட் சிம்பலுக்கு ரெண்டடி தள்ளி நிண்டு அதை வருஷக்கணக்கா கேட்டுக்கொண்டிருக்கிற ஆக்கள் நாங்கள்.

பேஸ் நரம்பை இழுக்கேக்க சத்தம் உடன வெடிக்காது, மெல்ல விரியும். அந்த விரியுற சத்தத்துக்கு முன்பக்கம் குடுக்கிறது உங்கட ஸ்டிக் நுனி. நல்ல ட்ரம்மர் வாசிக்கேக்க என்ர விரலும் அவற்றை குச்சியும் ஒரே வாத்தியம் மாதிரி கேட்கும், எது எங்க துவங்குது எண்டு எனக்கே பிரிச்சுச் சொல்ல ஏலாது. 1959இல ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் குழுவில ட்ரம்மர் ஜிம்மி காப்பும் பேஸ் வாசிச்ச போல் சேம்பர்ஸும் வாசிச்சதை ஹெட்ஃபோன் போட்டு, ட்ரம்பெட்டை விட்டிட்டு அவை ரெண்டு பேரை மட்டும் கேட்டுப் பாருங்கோ. காப் பெரிசா ஒண்டும் செய்யேல்லை, ஆனால் ஒவ்வொரு பீட்டும் எவ்வளவு அகலமா இருக்கு எண்டு தெரியும்.

உங்கட 'க' சத்தமா இருந்தால் எனக்கு என்ன நடக்கும் எண்டால், என்ர காது பீட்டை விட்டிட்டு அதைப் பிடிக்கப் போயிடும், பிறகு நானும் சேர்ந்து இறுகிடுவன். முதலில அதைச் சரி பாருங்கோ. ஆனால் சத்தம் குறைவா எண்டதுக்காக எங்கயும் வைக்கலாம் எண்டில்லை. பழைய_குச்சி அண்ணை சொன்ன அதே அளவீட்டில இன்னொரு விஷயமும் இருக்கு, சோலோ வாசிக்கிற ஆக்கள் பீட்டில றைடுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விழுகினம், ஆனால் அந்தக் குட்டை அடியில றைடோட சேர்ந்துடுவினம். அதாவது சாக்ஸஃபோன்காரர் உங்களைப் பிடிக்கிற கைப்பிடி அந்த 'க' தான். மெல்லிசா, ஆனால் இடம் தவறாமல்.

ஒரு பயிற்சி சொல்லுறன். ஒரு ப்ளூஸுக்கு, பீட்டுக்கு ஒரு ஸ்வரமா நடக்கிற பேஸ் லைனை வாயால பாடிக்கொண்டு றைட் மட்டும் வாசியுங்கோ. பாட்டு நிண்டால் கையும் நிக்க வேணும். கை தனியா ஓடிச்சுதெண்டால் நீங்கள் இன்னும் பேஸைக் கேட்கேல்லை எண்டு அர்த்தம்.

வெண்கலப்பித்து:

மேல ரெண்டு பேரும் சொன்னதுக்கு மறுப்பு இல்ல, ஆனா சிம்பலையும் ஸ்டிக்கையும் பத்தி யாருமே பேசல, எனக்கு அது சின்ன விஷயமா தெரியல ப்ரோ. கனமான ராக் ரைடுல மெல்ல வாசிச்சா டிக் டிக்னு நுனி சத்தம் மட்டும் தான் கேக்கும், அடியில இருந்து அந்த இருட்டான விரிவு எழும்பாது, அடிக்கும் அடிக்கும் நடுவுல காலியா கிடக்கும். அந்த காலி இடத்தை நிரப்ப நீங்களே அறியாம இன்னும் அழுத்தி அடிப்பீங்க, கை இறுகறதுல பாதி அங்க இருந்து வருதுன்னு நான் நம்பறேன்.

நல்ல ரைடுல பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே உலோகம் தான், 80 பங்கு செம்பு 20 பங்கு வெள்ளீயம், நம்ம கோயில் மணிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். வித்தியாசம் எல்லாம் கனத்துலயும் சுத்தியல் வேலையிலயும் கடைசல்லயும் இருக்கு. அந்தக் கால ஜாஸ் ஆளுங்க தேடினது இஸ்தான்புல்ல கையால தட்டின கே வகை சில்ஜியன், இன்னைக்கும் அந்த சத்தத்தை நோக்கி தான் பல கம்பெனியும் செய்யறாங்க.

உடனே வாங்குங்கன்னு சொல்லல. யார்கிட்டயாவது 22 இஞ்ச் மெல்லிசான ரைடு ஒரு சாயங்காலம் கடன் வாங்கி வாசிச்சு பாருங்க. இன்னைக்கே செய்யக்கூடியது ஒன்னு இருக்கு, உங்க 5ஏவை விட மெல்லிசான 7ஏ மரநுனி ஸ்டிக் ஒரு ஜோடி. மரநுனி சிம்பல் மேல லேசா பழுப்பு தடம் விடும். ஒரு மணி நேரம் வாசிச்சிட்டு அந்த தடத்தை பாருங்க, அது உங்க கையோட எக்ஸ்ரே மாதிரி.

பழைய_குச்சி:

@வெண்கலப்பித்து தடம் பாக்கற யோசனை நல்லா இருக்கு, ஸ்டிக்கும் மாத்தட்டும். ஆனா சிம்பல் இப்ப வேணாம்ப்பா. அந்த கனமான ரைடுல அவன் அந்த நாலு பீட்டையும் உருண்டையா எடுத்துட்டான்னா மெல்லிசு கிடைக்கறப்ப பறப்பான். இப்பவே மாத்தினா சிம்பல் அழகா கத்தும், கை அப்படியே இருக்கும்.

நாஞ்சில்_பீட்:

அண்ணன்மார்களே, மூணு வாரம் கழிச்சு வரேன். எல்லாருக்கும் மனசார நன்றி.

முதல் நாள் ஃபோனை அறையோட அந்தப் பக்கம் வச்சு ரெக்கார்ட் பண்ணி கேட்டேன். நாலுகம்பி அண்ணா சொன்னது அப்படியே இருந்துச்சு, என் 'க' பீட்டை விட சத்தமா இருக்கு, உக்காந்து வாசிக்கறப்ப எனக்கு அது கேக்கவே இல்ல. மரநுனி ஸ்டிக் வாங்கி தடமும் பார்த்தேன், உள்ளங்கை அளவுக்கு சிதறி கிடந்துச்சு, அதுலயும் 'க' விழுந்த இடம் எல்லாம் ஓரத்துப் பக்கம் தனியா ஒரு கூட்டமா. அதாவது அந்த ஒரு அடிக்கு மட்டும் என் கை முன்னாடி எட்டி போயிருக்கு. துடைச்சிட்டு தினமும் பார்த்தேன், இப்ப ரெண்டு பத்து ரூபா நாணயத்தை பக்கத்துல பக்கத்துல வச்ச அளவுக்கு வந்திருக்கு.

வெறும் நாலு பீட் ரெண்டு வாரம் வாசிச்சேன். அஞ்சாவது நாள் அழுகையே வந்துச்சு, ஒம்பது வருஷம் வாசிச்சவன் நாலு அடிய ஒழுங்கா வைக்க முடியலையேன்னு. கிளிக் 4ல மட்டும் வச்சப்ப ரெண்டாவது பார்லயே (நாலு பீட் ஒரு பார்) முந்திட்டேன். அப்புறம் ஒரு நாள் ரூம்ல ஸ்டிக்கை வச்சிட்டு அந்த டெம்போல சுவத்துக்கு சுவர் நடந்தேன், பேஸ் லைனை முனகிட்டே, நடந்த வேகத்துலயே வந்து உக்காந்து வாசிச்சேன், அன்னைக்கு தான் முதல் தடவையா கை என்னை இழுக்காம என் கூட வந்துச்சு. 'க'வ நான் சேக்கல, அது தானா ஒரு ஓரமா எட்டிப் பார்த்துச்சு.

நேத்து அதே ஜாம். அந்த அண்ணன் ஒன்னும் சொல்லல, ஆனா ரெண்டாவது பாட்டுல பேஸ்காரர் என் பக்கம் திரும்பி நின்னு ரைடு கிட்ட வந்து வாசிச்சார். 220க்கு மேல இன்னும் இறுகுது, அது மாறல. அதுக்கு என்ன பண்ணலாம்?

பழைய_குச்சி:

பேஸ்காரர் கிட்ட வந்துட்டாருல்ல, வேற சாட்சி வேணாம். 220க்கு மேல கொஞ்ச நாள் 'க'வே வேணாம், நாலு பீட் மட்டும் விரலால வாசி, எப்பவாவது தோணினா ஒன்னு போடு. டோனி வில்லியம்ஸ் 1963ல மைல்ஸ் குழுவுல சேர்றப்ப அவருக்கு 17 வயசு, அந்த வேகத்துல அவர் ரைடை கேளு, ஒரே பேட்டர்னை கட்டிக்கிட்டு அழமாட்டார், உடைச்சு உடைச்சு வாசிப்பார், ஆனா காலம் அசையாது. 220ல ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி இங்க போடு, கை வீடியோவோட. தோளும் தெரியற மாதிரி எடு.