பெரிய இணைய விற்பனைத் தளத்தின் மேல் போட்டி ஆணையத்தில் புகார்: எங்கே சறுக்கும்?

திருபுவனம், பட்டு விற்பனை

"பெரிய கம்பெனி, சின்ன கடைகளை நசுக்குது" என்று மட்டும் எழுதினால், வணிகப் போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் நிற்காது. 2002 போட்டிச் சட்டப்படி பெரிதாக இருப்பது தப்பில்லை. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் 4-ஆம் பிரிவு பிடிக்கிறது. எது சந்தை, அதில் ஆதிக்கம் யாருடையது என்பதை முதலில் காட்டியாக வேண்டும். ஆண்ட்ராய்டு வழக்கில் அதைக் காட்ட முடிந்தது. 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது.

விற்பனைத் தளங்களில்தான் வழுக்கும். இரண்டு பெரிய தளங்கள் எதிரெதிரே நின்றால் எதற்கு ஆதிக்கம்? இருவரும் சேர்ந்து ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்ற வாதத்துக்கு நம் சட்டத்தில் இடமில்லை. இணைய விற்பனையாளர் சங்கம் ஃபிளிப்கார்ட் மேல் கொடுத்த புகாரை 2018 நவம்பரில் ஆணையம் முடித்துவைத்தது. அதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2020-இல் ரத்து செய்தது தனிக்கதை. டெல்லி வியாபார் மகாசங்கத்தின் புகாரைப் பாருங்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டையும் குறித்த அந்தப் புகாரில் ஆணையம் 3(4) பிரிவைப் பிடித்து 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. தளத்துக்கும் சில விற்பனையாளர்களுக்கும் உள்ள ஏற்பாட்டால் போட்டி கெடுகிறதா என்பதே அங்கே கேள்வி. சேலை, பாத்திரம் விற்பவர்களுக்கும் பொருந்தக்கூடிய வழி இதுதான் என்பது என் கணிப்பு.

கும்பகோணம், பித்தளைப் பாத்திரம்

திருபுவனத்து அண்ணன் சொன்ன 3(4)-க்கு ஆதாரம் சேர்ப்பதுதான் பெரிய வேலை. ஒரே தேடல் சொல்லை, "பித்தளைக் குத்துவிளக்கு" என்று வையுங்கள், தினமும் ஒரே நேரத்தில், கணக்கிலிருந்து வெளியேறி, ஒரே பின்கோடு போட்டுத் தேட வேண்டும். முதல் பக்கத்தில் வருகிற கடைகளின் பெயர், விலை, விளம்பரக் குறி மூன்றையும் எழுதிவையுங்கள். ஒரு நாள் படம் எதையும் நிரூபிக்காது, மூன்று மாதமாவது தொடர்ந்து வேண்டும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். அனுப்பும்போது படம் சுருங்கும், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் மாறிவிடும். மின்னணு ஆதாரத்துக்குக் கொடுக்கும் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷைக் குறிப்பிட வேண்டும். அதனால் மூலக்கோப்பைப் பென் டிரைவில் அப்படியே வையுங்கள்.

பணக்கணக்குக்கு ஜிஎஸ்டி தளமே துணை. விற்பனைத் தளம் 0.5 விழுக்காடு வரி பிடித்து மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-8 என்ற கணக்கைத் தாக்கல் செய்கிறது. அதில் உள்ள விற்பனைத் தொகையையும் வங்கியில் வந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொத்தத்தில் எவ்வளவு போனது எனத் தெரியும். கமிஷன், கூரியர், விளம்பரம் என்று பிரித்துப் பார்க்கத் தளம் தரும் கணக்குச் சீட்டும் வேண்டும். கமிஷன் எப்போது ஏறியது என்பதற்கும் அந்தச் சீட்டே சாட்சி.

சுவாமிமலை, ஐம்பொன் சிற்பம்

இருவரும் சொன்னதோடு மூன்று விஷயம்.

தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள். வியாபாரச் சங்கமும் புகார் கொடுக்கலாம் என்று 19-ஆம் பிரிவே சொல்கிறது. ஒரு கடையின் நஷ்டம் வெறும் தகராறாகத் தெரியும், இருபது கடைகளின் கணக்கு ஒன்றாக வந்தால்தான் சந்தைக்கே கேடு என்று தெரியும். பழி வாங்கிக் கடையை முடக்கிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. புகார் கொடுப்பவர் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம், விதி இருக்கிறது.

2023 திருத்தத்துக்குப் பிறகு, காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் கதவு அடைபடும்.

அபராதத் தொகை அரசாங்கத்துக்குப் போகும், நமக்கு வராது. மீறல் நடந்தது என்று முடிவான பிறகு 53என் பிரிவில் தீர்ப்பாயத்திடம் தனியாக இழப்பீடு கேட்க வேண்டும். அதற்குள் தொழில் படுத்துவிடும் நிலை என்றால் 33-ஆம் பிரிவில் ஆணையத்திடம் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். அதற்கும் கும்பகோணத்துக்காரர் சொன்ன அந்த மாதக்கணக்குதான் கையில் இருக்க வேண்டும்.