பக்கத்து வீட்டு 'கன்ஸ்மோக்': உங்களுக்கும் அனுபவம் உண்டா?

விச்சிட்டாக்காரன்:
கான்சஸ் வந்த புதிதில் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து தினமும் மதியம் டுமீல் டுமீல் சத்தம் வரும். 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்க கௌபாய் தொடர். ஒருநாள் அந்த வீட்டுப் பெரியவர் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். தொடரின் நாயகனான சட்ட அதிகாரி மார்ஷல் டில்லனைக் காட்டி, "இவன் எனக்கு ரெண்டாவது டில்லன்தான்" என்று ஆரம்பித்தார். 'கன்ஸ்மோக்' 1952-லேயே ரேடியோவில் தொடங்கிவிட்டது. சின்ன வயதில் அவர் கேட்ட மார்ஷல் டில்லன், வில்லியம் கான்ராடின் கனத்த குரல். 1955-ல் டிவிக்கு வந்தபோது கான்ராடின் உடம்பும் கனம் என்று விட்டுவிட்டு, ஆறடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னஸைப் போட்டார்கள். முதல் எபிசோடில் அறிமுகம் செய்துவைத்தது ஜான் வெய்ன்! ரேடியோ தொடர் 1961 வரை ஓடியதால் ஆறு வருஷம் நாட்டில் இரண்டு டில்லன்கள். பெரியவர் இன்றைக்கும் சில காட்சிகளில் கண்ணை மூடிக்கொள்கிறார். கேட்டால், "என் ஆள் பேசுவான்" என்கிறார்.

நைட்டூட்டி:
நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் பாட்டி ஒருவர் கிட்டி கட்சி. மதுக்கடை நடத்தும் கிட்டியும் டில்லனும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதில் அவருக்குத் தீராத கோபம். கிட்டியாக 19 சீசன் நடித்த அமண்டா பிளேக் இருபதாவதில் இல்லை. அந்த டிவிடியை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

பழையபெட்டி:
கதை நடக்கும் கான்சஸ் ஊரான டாட்ஜ் சிட்டிக்குப் போயிருக்கிறேன். பூட் ஹில் மியூசியத்தில் இருக்கும் கடைத்தெரு பிற்காலத்தில் பழைய மாதிரியில் கட்டியது. தொடரை எடுத்ததோ கலிஃபோர்னியா பக்கம். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு விஷயம் தெரியுமா? தொடரில் நொண்டுகிற, டில்லனின் உதவியாள் செஸ்டருக்குக் காலில் ஒன்றும் இல்லை, டென்னிஸ் வீவரின் நடிப்பு. நிஜமாகவே காலில் குண்டடி பட்டவர் ஆர்னஸ், 1944-ல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில்.

விச்சிட்டாக்காரன்:
@நைட்டூட்டி, பாட்டிக்கு ஒரு கும்பிடு! 1967-ல் தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் இதை நிறுத்தியே விட்டது. நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி குறுக்கே விழுந்து காப்பாற்றி, திங்கட்கிழமைக்கு மாற்றினார். அதற்கு இடம்விட்டுப் பலியானது 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற நகைச்சுவைத் தொடர். அதன்பிறகும் எட்டு வருஷம் ஓடி, 1975-ல் 635 எபிசோடோடு முடிந்தது. 2018-ல் 'சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று பெரியவரிடம் சொல்லித் தொலைத்தேன். "பொம்மைக்கு வயசாகுமா, குதிரை ஏறினா கால் வலிக்குமா?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.