வாடையில் தெற்கு, கச்சானில் வடக்கு: பாய் விரித்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஒருவர்:
சின்னப் பாய்ப்படகு ஓட்டப் பழகியவன் நான். அந்தத் தைரியத்தில் டிசம்பரில் பாம்பன் போனேன். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில். இதுதான் நேரம் என்று மாமா முறை உள்ள ஒருவரை நச்சரித்து, அவருடைய வள்ளத்தில் வடகடலில் இறங்கினோம். விடியலிலேயே போய்விட்டுத் திரும்பலாம் என்றார். நான் தூங்கி எழுந்து கிளம்பும்போது மணி எட்டு.

பதினொரு மணிக்கு வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, ஏறிவிட்டது. அலை இடுப்பளவுதான். ஆனால் ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து முகத்தில் அறைகிறது. மாமா பாயை இறக்க, பாதியாக வெட்டிய எண்ணெய் கேனால் நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தேன். காற்று கரையைப் பார்த்து அடித்ததால் ஒருவழியாக ஒதுங்கினோம். திட்டுவார் என்று பார்த்தால், "தெக்க போய்ப் பாரு" என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். தென்கடல் குளம் மாதிரி கிடந்தது! திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பஸ்ஸின் வலது ஜன்னலில் நுரை, இடது ஜன்னலில் பச்சைத் தண்ணீர்.

பாம்பன்காரர்:
தம்பி, மழை விட்டால் வாடையும் விட்டது என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டீர்கள். தை வரைக்கும் அது இருக்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் ஏழு பாகத்துக்குள்தான் ஆழம் (ஒரு பாகம் சுமார் ஆறடி). அதனால்தான் அலை குட்டையாக, நெருக்கி நெருக்கி வரும். ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது எல்லாம் மாறிவிடும்: தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே தீவு மறைவில் அமைதி.

ஆனால் அந்த அமைதியை நம்பிவிடாதீர்கள். காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்ப எதிர்க்காற்றில் ஏறி வரும்போதுதான் எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியும். டிசம்பர் தென்கடலும் அதே கதைதான்.

என்னைக் கேட்டால் மாசி, பங்குனி. வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் பிடித்திருக்காது. விடியுமுன் கரைக்காற்றில் வெளியே போய், மதியத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் காலை நனைக்காதீர்கள். 2017 ஒக்கி, 2018 கஜா இரண்டுமே நவம்பரில் வந்தவை.

குமரி மாவட்டத்திலிருந்து:
பங்குனிக்கு அப்புறமும் கவனம் தேவை. சித்திரையில் ஒருநாள் இலை அசையவில்லை. மணலில் ஏற்றிவைத்த வள்ளத்தை அலை வந்து தூக்கிப் பக்கத்து வள்ளத்தின் மேல் போட்டது. கள்ளக்கடல்! தெற்கே வெகுதொலைவில் வீசும் புயல்காற்று கிளப்பும் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வருகிறது. உள்ளூர்க் காற்றை வைத்து இதைக் கணிக்கவே முடியாது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) விடும் எச்சரிக்கையைப் பாருங்கள்.

திருகோணமலையிலிருந்து:
எங்கள் பக்கம் கணக்கே வேறு அண்ணா. நீங்கள் பயப்படும் கச்சான் மாதங்கள்தான் எங்களுக்குக் கடல் நல்ல காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது காற்று காய்ந்து சூடாக இருக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வாருங்கள். கொழும்பு, காலிப் பக்கம் என்றால் மார்கழி முதல் பங்குனி வரை. (கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலையும்தான். வரும்போது வறுத்துத் தருகிறோம்.)

மறுபடி சென்னைக்காரர்:
மாசியில் போய் வந்தேன். இந்த முறை நாலரை மணிக்கே எழுந்துவிட்டேன். கரைக்காற்றில் அருமையாகப் போனோம். ஒன்பது மணிக்குக் காற்று சுத்தமாக நின்று, பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது. மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு துடுப்பை என் பக்கம் தள்ளினார்.