பொறியியல் பீட அனுமதியை விட்டு விமானிப் பயிற்சிக்குச் செல்வது தகுமா?

பரந்தன் அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தே படிக்கலாம் என்று எல்லோரும் மகிழ்ந்திருந்த வேளையில், தான் அங்கு பதியப் போவதில்லை என்றும் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் விமானிப் பயிற்சியில் சேர விரும்புவதாகவும் சொல்லிவிட்டான். இது நேற்று முளைத்த ஆசை அன்று. தரம் ஒன்பதில் படித்த காலத்திலிருந்தே விமானங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருபவன்.

வணிக விமானி அனுமதிப்பத்திரம் பெறும்வரையிலான செலவு, கொழும்பில் தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து, நாங்கள் விசாரித்த அளவில் ஒரு கோடி ரூபாவைத் தாண்டுகிறது. கனடாவில் இருக்கும் சித்தப்பா பாதியைத் தருவதாகச் சொல்கிறார். மீதிக்கு, இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஐந்து ஏக்கர் வயலை ஈடு வைக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். காலபோகமும் சிறுபோகமும் விளையும் அந்த வயலை நம்பித்தான் எங்கள் குடும்பம் இருக்கிறது. எனக்கு அடுத்த தங்கையும் இன்னும் பாடசாலையில் படிக்கிறாள்.

அம்மா மறுப்பதற்குக் காரணம் பணம் அன்று. வானில் விமானம் இரைந்தால் இன்றைக்கும் அவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, சத்தம் தேய்ந்து மறையும்வரை அங்கேயே நிற்பார். 2009இல் போரின்போது தம்பிக்கு நான்கு வயது. பதுங்குகுழிக்குள் அவனை மடியில் கிடத்திக் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பிள்ளையே விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொல்வதை அவரால் ஏற்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை.

இத்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். இவ்வளவு பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட இது தகுந்த தொழில்தானா? பயிற்சி முடித்தால் வேலை கிடைக்குமா? தம்பி கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவன் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

முள்ளியவளையான் எழுதியது:

சகோதரி, நான் வளைகுடா நாடொன்றில் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். உங்கள் கேள்வியில் பணத்தைப் பற்றிய கவலையே பெரிதாகத் தெரிகிறது. பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே உடல்தகுதியில் இந்த விடயம் முடிவாகிவிடக்கூடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தேவை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரே அதற்கான சோதனைகளைச் செய்வார். கண்ணாடி அணிவது தடையாகாது. கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 என்ற பார்வை இருந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு கண்ணாடியையும் உடன் வைத்திருக்க வேண்டும். நிறக்குருட்டுத்தன்மை வேறு விடயம். அது ஆண்களிடம் பெண்களைவிடப் பன்மடங்கு அதிகம், பலருக்குத் தமக்கு இருப்பதே தெரிவதில்லை. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்து ஒரு கண் வைத்தியர் சில நிமிடங்களில் அதைப் பார்த்துவிடுவார். முன்பணம் கட்டிய பிறகு மருத்துவச் சோதனையில் விழுந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். தம்பி முதலில் அதைச் செய்துகொள்ளட்டும்.

அடுத்தது வேலை. உலகெங்கும் விமானிகளுக்குப் பற்றாக்குறை என்று செய்திகளில் வருவது உண்மைதான். ஆனால் எந்த விமானிகளுக்கு என்பதை அந்தச் செய்திகள் சொல்வதில்லை. வணிக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதி கேட்பது 200 மணித்தியாலப் பறப்பு, அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150. கப்டனாக அமர்வதற்குரிய அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணித்தியாலம் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுபவமுள்ள விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றார்கள். அவர்கள் விட்டுச் சென்ற இடங்களில் நிறையப் பறந்தவர்களுக்கான இடங்களே அதிகம். 200 மணித்தியாலத்தோடு வருகிறவர் அந்த இடத்துக்கு நேராகப் போக முடியாது. 200க்கும் 1,500க்கும் இடையிலான அந்தத் தூரத்தில்தான் பெரும்பாலானோர் சிக்கிக்கொள்கிறார்கள். நான் மூன்று ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து, மற்றவர்களுக்குச் செஸ்னா என்ற சிறிய விமானத்தில் கற்றுக்கொடுத்தே மணித்தியாலங்களைச் சேர்த்தேன். அந்தச் சம்பளத்தில் கொழும்பில் அறை வாடகை கொடுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

இன்னொரு செலவையும் உங்கள் கணக்கில் சேருங்கள். அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் ஏ320 போன்ற விமானத்தை ஓட்ட முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சியும் தனித் தகுதிப் பதிவும் உண்டு. சில நிறுவனங்கள் அதைத் தாமே செலவிட்டுக் கொடுத்து, சில ஆண்டுகள் வேலை செய்வதாகப் பிணை எழுதி வாங்கும். மற்ற இடங்களில் பல்லாயிரம் டொலரை நாமே கட்ட வேண்டும்.

இனி, தகுந்த தொழிலா என்ற கேள்வி. எனக்குத் தகுந்தது. நான் தமிழ்மொழியில் பௌதிகவியல் படித்தவன். விமானத்தை மேலே தூக்கும் ஏற்றவிசையையும் பின்னிழுக்கும் இழுவையையும், காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பேர்னூலியின் கோட்பாட்டையும் தமிழில் நன்றாக விளங்கியிருந்ததால், பறப்பியல் பாடம் எனக்குச் சுமையாக இருக்கவில்லை. சுமையாக இருந்தது வானொலியில் பேசும் ஆங்கிலம். சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலையை எட்ட வேண்டும், அந்த நிலையில் இருப்பவரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதிப்பார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒரே மூச்சில் சொல்லும் உயரத்தையும் திசையையும் அலைவரிசையையும் பிசகின்றித் திருப்பிச் சொல்ல எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. தம்பி இன்றே தொடங்கினாலும் அது முன்கூட்டியது ஆகாது.

ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று வீசும் நாளில் முதன்முறை தனியே தரையிறக்கியபோது, ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் சைக்கிளை ஒருபக்கம் சாய்த்து மிதித்துப் பாடசாலை சென்ற நினைவுதான் எனக்கு வந்தது. விமானத்தையும் அப்படித்தான் காற்றின் பக்கம் சாய்க்க வேண்டும். அந்த நாளின் மகிழ்ச்சி இன்றும் எனக்குக் குறையவில்லை. அதேவேளை, கடந்த ஆறு ஆண்டுகளில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரேயொரு முறைதான் வர முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விமானி அறையைப் போலவே அமைந்த பாவனைப் பயிற்சி அறையில் (சிமுலேட்டர்) பரீட்சை, ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை. இவற்றில் ஒன்று பிசகினால் சம்பளமும் நின்றுவிடும். 2020இல் கொரோனா காரணமாக விமானங்கள் தரித்து நின்றபோது, சம்பளமற்ற விடுமுறையில் வீடு வந்து பல மாதங்கள் அப்பாவோடு வயலில் நின்றேன். எங்கள் வயல் ஈட்டில் இருக்கவில்லை என்பதால்தான் அந்தக் காலத்தைக் கடக்க முடிந்தது.

ஓமந்தையூர் எழுதியது:

நானும் அனுமதிப்பத்திரம் பெற்றவன், ஆனால் இன்று விமானியாக இல்லை. பதினெட்டு மாதத்தில் முடியும் என்று சொல்லிச் சேர்த்த பயிற்சி எனக்கு மூன்றரை ஆண்டுகள் எடுத்தது. பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் நிறைய, பறக்கும் நிலையில் இருந்த விமானமோ பெரும்பாலும் ஒன்றே. உதிரிப்பாகம் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்போம். பறக்காத வாரங்களில் கை பழக்கம் விட்டுப்போகும். ஆகவே மீண்டும் பறக்கும்போது முதல் சில மணித்தியாலங்கள் பழையதை நினைவுபடுத்தவே செலவாகும், அதற்கும் நாமே கட்ட வேண்டும். இதற்கிடையில் 2022இல், மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருவதால், பறப்புக் கட்டணமும் அதோடு ஏறியது. மீதி மணித்தியாலங்களுக்காக அக்காவின் நகைகள் அடைவு கடைக்குப் போயின.

ஆகவே எங்கு சேர்ந்தாலும் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். நேரில் சென்று, இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, எத்தனை மாணவர்கள் பயில்கிறார்கள், கடைசியாக முடித்த ஐந்து பேர் எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஐந்து பேரோடும் பேச முடிந்தால் இன்னும் நல்லது. நான் பட்டம் பெறாமல் நேராகப் பயிற்சிக்குப் போனவன். பறக்கும் வேலை கிடைக்காதபோது என் கையில் உயர்தரப் பெறுபேற்றைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தம்பி அறிவியல் நகரில் கிடைத்த இடத்தை விட வேண்டாம் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நெடுங்கேணி எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதை மதிக்கிறேன், எனினும் இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் விமான நிலையமொன்றில் தரைச் சேவையில் இருப்பவன். பல விமான நிறுவனங்களில், யார் எப்போது கப்டனாக உயர்வது என்பதைச் சேர்ந்த திகதியின்படியான மூப்புப் பட்டியலே தீர்மானிக்கிறது. இருபத்தொரு வயதில் தொடங்குபவனுக்கும் இருபத்தாறில் தொடங்குபவனுக்கும் இடையில் அந்தப் பட்டியலில் பலர் நுழைந்துவிடுவார்கள். உடல்தகுதியும் பணமும் உறுதியாக இருந்தால், ஆண்டுகளை இழக்க வேண்டியதில்லை.

மாங்குளம் எழுதியது:

காணி தொடர்பான அரச பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், வயலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மகளே, அந்த ஐந்து ஏக்கரில் எவ்வளவு சொந்த உறுதிப் பத்திரமுள்ள உறுதிக் காணி, எவ்வளவு அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த அனுமதிப்பத்திரக் காணி என்று அப்பாவிடம் கேளுங்கள். இரணைமடுவின் கீழ் உள்ள குடியேற்றக் காணிகள் பலவும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி அவற்றை விற்கவோ கைமாற்றவோ முடியாது. அவற்றை நம்பி, எழுத்தில்லாமல் தனியாரிடம் அதிக வட்டிக்குப் பணம் வாங்கியவர்கள் படும் துன்பத்தை நான் என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உறுதிக் காணியாகவே இருந்தாலும், கடன் எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும். தம்பி உழைக்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று இங்கு இருவர் சொல்லிவிட்டார்கள். அதுவரை தவணை கட்டப் போவது நெல். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் மூழ்கின. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. இரண்டு போகம் பிழைத்தால் அந்தத் தவணையை எங்கிருந்து கட்டுவது? சித்தப்பா தரும் பாதிக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். வயலைத் தொடாதீர்கள்.

முள்ளியவளையான் எழுதியது:

நெடுங்கேணி சொன்ன மூப்புப் பட்டியல் உண்மை, நானும் அதில் பின்னால் நிற்பவன்தான். ஆயினும் ஓய்வு வயது 65. இருபத்தாறில் தொடங்குபவருக்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. பட்டம் இருந்தால், இடையில் உடல்தகுதி போனாலும் பராமரிப்புப் பொறியியல் போன்ற வேறு கதவைத் தட்டலாம். படிக்கும் காலத்திலேயே விடுமுறைகளில் இரத்மலானைக்கு வந்து, ஒவ்வொரு மணித்தியாலமாகக் கட்டிப் பறந்து, சம்பளத்துக்கன்றிப் பறக்க அனுமதிக்கும் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் வரை முயலலாம். முதல் பத்து மணித்தியாலத்திலேயே, இது தனக்கு உரியதா என்பது அவனுக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

பரந்தன் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவை அனைத்தையும் தம்பிக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஐந்து ஏக்கரில் மூன்று ஏக்கர் அனுமதிப்பத்திரக் காணி என்பது எனக்கே இன்றுதான் தெரிய வந்தது. வயலை ஈடு வைக்கும் பேச்சை அப்பா விட்டுவிட்டார். தம்பி நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பொறியியல் பீடத்தில் பதிவதாகவும், சித்தப்பாவின் பணத்தில் முதலில் மருத்துவச் சோதனையையும் பத்து மணித்தியாலப் பறப்பையும் மட்டும் முடிப்பதாகவும் சொன்னான். நேற்று ஒரு கண் வைத்தியரிடம் போய் வந்தோம். அட்டைகளில் இருந்த எண்கள் அனைத்தையும் சரியாக வாசித்தான்.

அம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால், முதல் நாள் பறக்கும்போது தானும் இரத்மலானைக்கு வந்து வேலிக்கு வெளியே நிற்கலாமா என்று கேட்கிறார். பயிற்சி நிலையங்களில் பெற்றோரை அப்படி அனுமதிப்பார்களா என்பதை முள்ளியவளை அண்ணா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.