ஊர்க்கவுண்டரை நீக்கினால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

மலையூரான்:
ஏற்காட்டுக்கு மேலே எங்கள் ஊரில் ஊர்க்கவுண்டர் பதவி, அதாவது ஊர்த் தலைமை, தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில்தான். இப்போது பெரியப்பா. அவர் இடுப்பெலும்பு முறிந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊர்க்கூட்டம் போட்டு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் வேறொருவரை வைத்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள், பண்டிகையில் முதல் விபூதியும் புது ஆளுக்குத்தானாம். "இது ஊர் விவகாரம், கோர்ட் கை வைக்க முடியாது" என்கிறார்கள். நிஜமா? மனிதர் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சேலத்து வக்கீல்:
நிஜமில்லை தம்பி. சிவில் நடைமுறைச் சட்டம் 9-வது பிரிவுப்படி பதவி உரிமை பற்றிய தகராறு சிவில் வழக்குதான், அதில் பூஜை, சடங்கு பற்றிய கேள்வி கலந்திருந்தாலும் சரி. சம்பளம் இல்லாத பதவி என்றும் தள்ள முடியாது, 1976 திருத்தம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் வெறும் மரியாதைக்காக மட்டும் வழக்குப் போட்டால் நிற்காது.

கோயில் சங்கதி வேறு. முதல் விபூதி, பரம்பரை தர்மகர்த்தா யார் என்பதெல்லாம் 1959 அறநிலையத்துறைச் சட்டம் 63-வது பிரிவில் இணை ஆணையர் முன்னால் போக வேண்டியவை, 108-வது பிரிவு நேரடி சிவில் வழக்கைத் தடுக்கிறது. இது தெரியாமல் முன்சீப் கோர்ட்டில் போட்டு, வருஷக்கணக்கில் நடந்து, கடைசியில் அதிகார வரம்பு இல்லை என்று தள்ளுபடியானவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

மலையூரான்:
அப்படியென்றால் இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டுமா ஐயா?

சேலத்து வக்கீல்:
கேட்பதைப் பொறுத்தது. பதவியை மட்டும் கேட்டால் சிவில் கோர்ட். அங்கேயும் பெரியப்பா நல்ல தலைவரா என்று பார்க்க மாட்டார்கள். வழக்கப்படி கூட்டம் கூடியதா, குற்றம் இன்னதென்று சொல்லிப் பதில் கேட்டார்களா என்றுதான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரைக் கேட்காமல் நீக்கியதுதான் உங்கள் பலம், அட்மிஷன் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காப்பித்தோட்டம்:
தம்பி, முதலில் பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரரிடம் போனீர்களா? அவர் நாட்டுக்கூட்டம் கூட்டினால் பாதி வழக்கு அங்கேயே தீரும், வழக்கம் இதுதான் என்று சாட்சி சொல்லவும் நாலு பெரியவர்கள் கிடைப்பார்கள். ஆனால் அபராதம், ஊர்விலக்கு என்று யாராவது ஆரம்பித்தால் நேராக போலீஸ். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

வாசகன்:
ஆப்பிரிக்க நாடான கானாவில் பாரம்பரியத் தலைவர் பதவித் தகராறுகளைத் தலைவர்கள் அவையின் நீதிக்குழுவே விசாரிக்கிறது, உயர் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் இல்லை. நம் மலைக்கு அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியே கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996 பெசா சட்டமும் இங்கே வராது. பழங்குடி மக்களுக்கு இது பெரிய குறை என்பது என் எண்ணம்.

மலையூரான்:
பெரியப்பாவின் தகரப்பெட்டியில் பழைய பண்டிகை நோட்டீஸ்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஊர்க்கவுண்டர் என்று தாத்தா பெயரும் அவர் பெயரும். ஞாயிற்றுக்கிழமை பட்டக்காரரைப் பார்க்கப் போகிறோம். பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார், ஜீப் சொல்லியிருக்கிறேன்.