விமானத்தில் அடைத்த காது, விடாத இரைச்சல்: என் அனுபவம்

போன தை மாதம் தங்கை வளைகாப்புக்காகச் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தேன். கிளம்பும்போதே கடுமையான சளி. நாலு மணி நேரப் பயணம்தானே, தூங்கிவிட்டால் தெரியாது என்று மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். அந்தத் தூக்கத்தால்தான் எல்லாம் வந்தது.

விமானம் பாதிக்கு மேல் இறங்கிவிட்ட பிறகு, இடது காதில் ஊசியை ஏற்றுவது போன்ற வலியில் விழித்தேன். எச்சில் விழுங்கினேன், வாயை அகலத் திறந்து மூடினேன். வலது காது ‘டப்’பென்று திறந்தது, இடது திறக்கவில்லை. பயத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு ஊதினேன். அப்படி ஊதக் கூடாது, உள்காதுக்கே ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் குக்கர் விசில் ஒரு பக்கமாகவே கேட்டது. என் குரல் எனக்கே குடத்துக்குள் பேசுவது போலிருந்தது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு இன்னொன்று தொடங்கியது. சில்வண்டு கத்துவது போல ‘ங்ங்ஈ’ என்று நிற்காத சத்தம். எழுந்து போய் ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை. காதுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று புரிந்தபோது கை கால் சில்லிட்டுப் போனது.

அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்தார். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் வேண்டாம் என்றேன். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிச் சீழ் பிடித்துவிடும்.

மறுநாள் காலையிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். செவிப்பறை கிழியவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார். அப்புறம் இசைக்கவை என்ற, தட்டினால் அதிரும் உலோகக் கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, “எந்தப் பக்கம்மா கேட்குது?” என்றார். அடைத்த இடது காதில்தான் கணீரென்று கேட்டது. “நல்லதும்மா, நரம்பு தப்பிச்சிருக்கு” என்றார். நடுக்காதில் மட்டும் அடைப்பு என்றால் எலும்பு வழியாக வரும் ஒலி அந்தப் பக்கமே கூடுதலாகக் கேட்கும், நரம்பு பாதித்திருந்தால் நல்ல காதின் பக்கம் போய்விடுமாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்’ என்று முனகிப் பாருங்கள், புரியும்.

பறக்கும்போது கேபினுக்குள் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தம்தான் இருக்கும். கிட்டத்தட்ட கொடைக்கானல். அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் சமவெளிக்கு வந்துவிடுகிறோம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் போகும் குழல், ஏறும்போது தானாகவே காற்றை விட்டுவிடும். இறங்கும்போது அது ஒட்டிக்கொள்ளும், நாம் விழுங்கியோ கொட்டாவி விட்டோதான் திறக்க வேண்டும். சளியும் தூக்கமும் சேர்ந்தால் எப்படித் திறக்கும்?

வலி மூன்று நாளில் போனது. காது திறக்க இரண்டு வாரம் ஆனது, அதுவரை பறக்க வேண்டாம் என்றதால் டிக்கெட்டை மாற்றினேன். இரைச்சல் மட்டும் இரண்டு மாதம் கூடவே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாகப் படுத்தால் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. மின்விசிறியை வேகமாக வைத்து, போனில் மழைச் சத்தத்தைத் தாழ்வாகப் போட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. கேட்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்ப்பதையும் விட்டேன். அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கேட்கும் திறன் திடீரென்று குறைந்தாலோ, தலைசுற்றினாலோ, காதில் ரத்தம் வந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

திரும்பும்போது டாக்டர் சொன்னபடி இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே மூக்கடைப்பைத் திறக்கும் ஸ்பிரேயை மூக்கில் அடித்துக்கொண்டேன். அதைத் தொடர்ந்து பல நாள் அடிக்கக் கூடாது, அடைப்பு கூடிவிடும். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டே எச்சில் விழுங்கினேன். இந்த முறைக்கு ஜோசப் டாய்ன்பீ என்ற லண்டன் காது மருத்துவரின் பெயர். காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்ம் ஆவியைத் தன் மேலேயே சோதித்தபோது 1866இல் இறந்துபோனார். இரைச்சலோடு படுத்த ராத்திரிகளில் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில், முதல் முறையாக வேலைக்குப் போகும் ஒரு பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து தூங்கிப்போயிருந்தான். “தம்பி, இறங்கப் போகுது, எழுந்திருங்க” என்று எழுப்பி, புளிப்பு மிட்டாய் இரண்டைக் கையில் வைத்தேன்.