1200 டிகிரி புகைக்கு செராமிக் ரெக்யூபரேட்டர்: அலுமினா குழாய் சரிவருமா?

பட்டறைக்காரன்:
வணக்கம். எங்கள் ஃபோர்ஜிங் (இரும்பைச் சூடாக்கி அடித்து வடிவமைக்கும்) பட்டறையில் பில்லெட் எனும் எஃகுத் துண்டுகளைச் சூடாக்கும் உலை ஃபர்னஸ் ஆயிலில் ஓடுகிறது. வெளியேறும் புகை 1200 டிகிரி. அந்தப் புகையின் சூட்டால் பர்னருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ரெக்யூபரேட்டரில் இருக்கும் 310 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் செதிலுரிந்து ஓட்டையாகின்றன. புகையில் குளிர்காற்றைக் கலந்து சமாளிக்கிறோம். அதனால் பர்னருக்குப் போகும் காற்று 350 டிகிரியைத் தாண்டுவதில்லை. அலுமினா (அலுமினிய ஆக்சைடு செராமிக்) குழாய் 1600 வரை தாங்கும், போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

உலைப்பித்தன்:
அலுமினா வேண்டாம் சார். ஒரே சூட்டில் நின்றால் 1600 தாங்கும், அது உண்மைதான். ஆனால் ஃபோர்ஜிங் உலை அப்படி நிற்காதே! ஷிஃப்ட் முடிந்து பர்னரைக் குறைத்ததும் குழாயின் ஒரு பக்கம் முந்திக் குளிரும். விரியவும் சுருங்கவும் இடமில்லாத பகுதியில் 100 டிகிரி வித்தியாசம் வந்தாலே அலுமினாவில் 380 மெகாபாஸ்கல் அளவுக்குத் தகைவு (உள்ளே உண்டாகும் இறுக்கம், ஸ்ட்ரெஸ்) ஏறும். அதன் வலிமையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

சிலிக்கான் கார்பைடு செராமிக் குழாய் வாங்குங்கள். விரிவு அலுமினாவில் பாதியை ஒட்டி இருப்பதால் அதே வித்தியாசத்துக்குத் தகைவு சுமார் 200தான். 1000 டிகிரியில் அலுமினாவைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்துவதால் அந்த வித்தியாசமே அவ்வளவு எளிதில் வராது. உருகிய சிலிக்கான் ஊடுருவிய ரகம் உங்களுக்குப் போதும். அதில் தனி சிலிக்கான் மிச்சமிருக்கும், 1414 டிகிரியில் உருகிவிடும். ஆகவே 1350ஐத் தாண்ட விடாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், குழாயைப் பிடிக்கும் விதத்தில் தவறினால் எல்லாம் வீண். ஒன்றரை மீட்டர் குழாய் 1000 டிகிரி ஏறினால் 6, 7 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் ஃபிளாஞ்சில் இறுக்கினால் விரிசல் நிச்சயம். அடி மூடிய குழாயை மேல்முனையில் மட்டும் தாங்கித் தொங்க விடுங்கள். உள்ளே ஒரு சிறிய குழாய் வழியே காற்று இறங்கி, இடைவெளி வழியே சூடேறித் திரும்பட்டும். சீல் மேலே, குளிர்ந்த பக்கத்தில்: செராமிக் ஃபைபர் கயிறு, அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தம். அடிமுனை தன் இஷ்டத்துக்கு நீளலாம்.

கரிப்புகை:
ஃபர்னஸ் ஆயில் சாம்பலில் வனேடியமும் சோடியமும் இருக்குமே?

உலைப்பித்தன்:
சரியான கேள்வி. சிலிக்கான் கார்பைடைக் காப்பது மேலே படியும் மெல்லிய சிலிக்கா படலம். சோடியம் அதை இளக்கிக் கரைத்தால் உள்ளிருப்பது மறுபடி ஆக்சிஜனேற்றமாகும், சுவர் மெலியும். பராமரிப்புக்கு நிறுத்தும்போதெல்லாம் புகை முதலில் படும் வரிசையில் ஒரு குழாயைக் கழற்றித் தடிமனை அளந்து பாருங்கள். வசதி இருந்தால் எரிவாயுவுக்கு மாறுவது இன்னும் நல்லது.

பட்டறைக்காரன்:
நன்றி சார். இங்கே கரன்ட் அடிக்கடி போகும். ப்ளோயர் நின்றால் குழாய் போய்விடுமா?

உலைப்பித்தன்:
காற்று நின்றால் செராமிக் குழாய் புகையின் சூட்டுக்கு ஏறும், அவ்வளவுதான். கரன்ட் திரும்பும் நேரம்தான் ஆபத்து. ப்ளோயர் முழுவேகத்தில் குளிர்காற்றை அடித்தால் குழாய் விரிசல் விடும். கரன்ட் போனதும் காற்றுவழியில் உள்ள டேம்பர் (தடுப்புத் தகடு) தானே மூடிக்கொள்ளும்படி வைத்து, பிறகு கையால் மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் சிறு குழாய் ஸ்டெயின்லெஸ் என்றால் அதையும் அப்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.